மருந்துள்ள பேய்கள்

அவரை நாங்கள் மில் அண்ணை என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாகக் கிடந்தது. வீதிச் சென்றிக் காவலரணில் நிற்கும் ஆமிக்காரர்தான் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். மற்ற ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை.

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மா அரைக்கும் மில் வைத்திருந்தார். தொந்தி விழுந்த பெரிய உடம்பு. தலைமயிர், புருவம், காதுமடல், வேட்டிக்கரை எல்லாவற்றிலும் அரிசிமா. மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும் ஆள் சிவந்து போயிருப்பார். பேயைப் பற்றி அவர் அளவுக்கு விஷயம் தெரிந்தவர் திருகோணமலையிலேயே இல்லை என்பது மில்லுக்குப் போகிற பெண்கள் எல்லோருடைய முடிவு. இத்தனைக்கும் அவர் ஒரு பேயையும் கண்டதில்லை.

"நான் எங்க தங்கச்சி கண்டன்? கண்டவை சொன்னதைத்தான் சொல்லுறன்" என்பார்.

கண்டவர்கள் யார் என்று கேட்டால் அதிலும் ஒரு கெட்டித்தனம். தம்பலகாமத்திலிருந்து நெல் கொண்டு வருகிறவர்கள் இருக்கும்போது கதை மூதூரில் நடக்கும். மூதூர்ச் சனம் மில்லில் நின்றால் அதே கதை தம்பலகாமத்துக்கு மாறிவிடும். இரண்டு ஊர்க்காரரும் ஒன்றாக வந்து நின்ற ஒருநாள், "இது கொழும்புப் பக்கம் நடந்தது" என்று தொடங்கினார். நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. ஊரைவிட்டு ஓடி, அகதி முகாமில் இருந்து, திரும்பி வந்து, கூரை போன வீடுகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். கரண்ட் வரும், போகும். அது வந்த செய்தி தெரிந்ததும் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அரிசியையும் மிளகாயையும் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடுவோம். அங்கே போனால் வரிசை. வரிசையில் நிற்கிற பெண்கள் கதைக்கக்கூடிய விஷயம் அந்த நாளில் ஒன்றுதான் இருந்தது. யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள், எந்தக் கரையில் யாருடைய உடல் ஒதுங்கியது. அந்தக் கதை தொடங்கினால் மில் அண்ணை கையை உயர்த்துவார். "உந்தக் கதையை விடுங்கோ. நான் ஒண்டு சொல்லுறன்."

மெஷின் ஓடும்போது கதைத்தால் ஒன்றும் கேட்காது. அதனால் ஒருவருடைய அரிசி அரைபட்டு முடிந்து அடுத்தவருடையதைக் கொட்டும் இடைவெளியில்தான் அவர் கதை நடக்கும். கிணற்றுக் கட்டில் இருந்த பெண் மெதுவாகத் தலையைத் திருப்புகிற இடத்தில் நிறுத்திவிட்டு, யாருடையதோ ஒரு கொத்து அரிசியை மேலே கொட்டுவார். மெஷின் இரைந்து முடிகிறவரை நாங்கள் அவளுடைய முகத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். தன்னுடைய மா அரைபட்டு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றவர்கள் உண்டு. நானும் அதில் ஒருத்தி. வீட்டில் இவர், என் கணவர், "உங்கட மில் அண்ணை பேய்க்கந்தோர் ஒண்டு திறக்கலாம். உத்தியோகம் பாக்கப் பேய் வரும்" என்று பகிடி பண்ணுவார்.

அவர் கதைகளில் எனக்குப் பிடித்தது பயம் அல்ல. பயத்தின் கடைசியில் அவர் வைக்கிற மருந்துதான். மருந்து இல்லாத பேய் ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒற்றைக் குரலில் கூப்பிடும் பேய்க்கு மூன்றாம் முறை கூப்பிடும்வரை பதில் சொல்லாமல் இருப்பது மருந்து. வறுத்த மாவின் வாசத்துக்குப் பின்னால் வரும் பேய்க்கு மாவுக்குள் ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும். இறைச்சியும் பலகாரமும் கொண்டு போகும்போது எங்கள் வீடுகளில் செய்கிறதுதான். அவர் அதை மாவுக்கும் நீட்டிவிட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கற் ரின் நிறைய ஆணியும் தேய்ந்த நட்டும் வைத்திருப்பார். சின்னப் பிள்ளைகள் தனியே மா எடுத்துக்கொண்டு போனால் சட்டிக்குள் ஒன்றைப் போட்டுவிடுவார். "இரும்பு இருக்கு. இனி ஒண்டும் கிட்ட வராது. போ" என்பார். பிள்ளை துள்ளிக்கொண்டு போகும். வீட்டில் மாவை அரிக்கிறபோது ஆணி வந்து அரிதட்டில் நிற்கும். நாங்கள் திட்டிக்கொண்டே எடுத்து எறிவோம். பிள்ளைகள் அதைப் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏன் அண்ணை, உங்கட பேய் எல்லாம் இவ்வளவு சட்டதிட்டத்தோட இருக்கு?"

"பேய்க்கு முறை இருக்குத் தங்கச்சி. அது வரமுன்னம் சொல்லிப்போட்டுத்தான் வரும். நாய் ஊளையிடும், மணம் வரும். உச்சி வெயிலில வரும், பொழுதுபட வரும். மற்ற நேரம் நீங்கள் உங்கட பாட்டில சமைக்கலாம். அதுக்கு என்ன வேணும் எண்டும் தெரியும். எதுக்குப் போகும் எண்டும் தெரியும். மனுசருக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

அப்போது நான் மூதூரில் படிப்பித்தேன். ஜெற்றியில் சோதனை முடிந்து, லாஞ்சில் ஏறி, குடாவைக் கடந்து போய் வர வேண்டும். நடுக்கடலில் கடற்படையின் படகு எங்களை மறிக்கும். சிலவேளை மறிக்காது, சும்மா சுற்றிச் சுற்றி வரும். மறிக்காத நாளில்தான் பயம் கூட. இதை மில்லில் ஒருமுறை சொன்னேன். அடுத்த முறை போனபோது எனக்கென்று ஒரு பேய் தயாராக இருந்தது. மூதூர் லாஞ்சில் நனைந்த சேலையோடு ஒரு பெண் ஏறுவாளாம். இறங்கும்போது ஆள் இருக்காதாம். பலகையில் ஈரம் மட்டும் இருக்குமாம். அவளோடு கதைத்தவர்களுக்குத்தான் ஆபத்து. மருந்து, முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பது. காலில் செருப்பு இருந்தால் அவள் மனிசி.

படித்தவள், பட்டதாரி ஆசிரியை, நான் அதற்குப் பிறகு லாஞ்சில் ஏறியதும் பெண்களின் காலைப் பார்க்கத் தொடங்கினேன். எல்லோரும் செருப்புப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து முடிக்கிறதுக்குள் கரை வந்துவிடும். கடற்படைப் படகு வந்ததா போனதா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு அவர் செய்த உதவி அது. இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஆள் சுத்தப் பயந்தாங்கொள்ளி. இதையும் சொல்லத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் எதையோ தேடுவார். சத்தம் கடந்து போனபின் வெறுங்கையோடு வருவார். "பேயோட குடும்பம் நடத்திற மனுசன், மோட்டச்சைக்கிள் சத்தத்துக்கு வேட்டியை நனைக்குது" என்று அவருடைய மனைவியே எங்களுக்கு முன்னால் சொல்லுவா. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை கரண்ட் இருந்தும் மில் பூட்டிக் கிடந்தது. மறுநாளும் பூட்டு. மூன்றாம் நாள் நான் வீட்டுப் பக்கமாகப் போய்க் கேட்டேன். குசினி வாசலில் கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டிருந்தார். மா இல்லாத முகத்தை அன்றைக்குத்தான் நான் முதல்முதல் பார்த்தேன். வயதான முகம்.

"காய்ச்சலோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. ஒருத்தன் வந்தவன்."

வந்தவன் இளம் ஆள். துப்புரவான சேட்டுப் போட்டிருந்தான். கால் றாத்தல் மிளகாய் கொண்டு வந்து அரைத்துத் தரச் சொல்லியிருக்கிறான். குடிக்கத் தண்ணி கேட்டுக் குடித்திருக்கிறான். செம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கிறான். "இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமோ ஐயா, எந்தெந்த வீட்டில இளம் ஆக்கள் இருக்கினம்?" என்று கேட்டிருக்கிறான். மில் அண்ணை தெரியாது என்றிருக்கிறார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது.

"இதுக்கு ஏன் அண்ணை மில்லைப் பூட்டினனீங்கள்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேய் ஐயா எண்டு கூப்பிட்டதை எங்கயாவது கேள்விப்பட்டனீங்களே? செம்பு கழுவித் தந்த பேய் இருக்கே? அவன் ஆர் எண்டு தெரியாது. ஆரின்ர ஆள் எண்டு தெரியாது. திரும்பி வருவானோ, வரமாட்டானோ, அதுவும் தெரியாது. நான் எந்தத் திசையைப் பாத்துக் காவல் நூல் கட்டுறது?"

நான் படியில் குந்தினேன்.

"கதை எண்டால் இதுக்கிடையில ஒரு முடிவு வந்திருக்கும்" என்றார். "இது முடியாது தங்கச்சி. இப்பிடியே கிடக்கும்."

அவன் திரும்பி வரவில்லை. வராதது அவருக்கு ஆறுதலைத் தரவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு மில்லைத் திறந்தார். கொஞ்ச நாளில் வழமைபோலக் கதையும் வந்தது. அன்றிலிருந்து, அவர் பேய்க்கதை சொல்லுகிறபோது எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பயத்தை ஒரு முறைக்குள் கொண்டுவந்து, பிடிக்க ஒரு கைப்பிடியும் வைத்து எங்களுக்குத் தந்துகொண்டிருந்தார் அந்த மனிதர். தனக்கு அப்படி ஒன்றைச் செய்து கொடுக்க ஆள் இல்லை.

கடைசிக் காலத்தில் அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. "அண்ணை, ஒண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டால் மெஷினைப் போட்டுவிடுவார். அரைக்க அரிசி இல்லாவிட்டாலும் போடுவார். நாங்கள் வரிசையில் நின்று பழையபடி பிடித்ததையும் விட்டதையும் கதைத்தோம். புதிதாக ஊருக்கு வந்தவர்கள், இவர் ஒரு காலத்தில் பேய்க்கதை சொன்னவர் என்றால் நம்பமாட்டார்கள். அது ஏன் நின்றது என்பதைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும்.

மில்லுக்கு அப்பால் ஒரு வெறும் வளவு. அதன் நடுவில் முன்பு ஒரு சென்றி இருந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அதில் ஆட்கள் இல்லை. மண்மூட்டைகள் மட்டும் அரைவட்டமாக இருந்தன. சுற்றி முள்ளுக்கம்பி. பால்கார அக்காவின் பசு ஒன்று கம்பிக்குள் நுழைந்து போய்ச் சிதறிய பிறகுதான் உள்ளே மிதிவெடி இருப்பது தெரிந்தது. வைத்தவர்கள் யார் என்பதில் ஊருக்குள் இரண்டு கதை. யார் வைத்தால் என்ன, போகிறது எங்கள் கால்தானே. முறைப்பாடு கொடுத்தோம். யாரோ வந்து ஒரு மண்டையோட்டுப் பலகையைக் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். எத்தனையோ வருசம் கழித்து அந்த நிலத்தைத் துப்புரவாக்கியவர்கள் எதை எதை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, நான் போதும் என்று கையை உயர்த்தினேன்.

பெரியவர்களுக்குப் பலகை போதும். பிள்ளைகளுக்குப் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் மிதிவெடிப் படம் காட்டி வகுப்பு எடுத்தார்கள். நானே எடுத்திருக்கிறேன். விளைவு, பிள்ளைகள் இடைவேளையில் மிதிவெடி விளையாட்டு விளையாடினார்கள். ஒருத்தர் மிதிவெடி, மிதித்தவர் விழ வேண்டும். விழுந்தவர் எழும்பி அடுத்த மிதிவெடி. என் மகள் சுபாவுக்கு அப்போது எட்டு வயது. அந்த விளையாட்டில் அழகாக விழுகிறவள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

மில்லில் சொல்லி அழுதேன். "வெடி எண்டால் உதுகளுக்குப் பயமே இல்லை அண்ணை. கம்பிக்குப் பக்கத்தில போய் நிக்குதுகள்."

"அதை என்னட்ட விடுங்கோ" என்றார்.

அவர் கட்டிய பேய்களிலே அதுதான் திறமானது. அந்தச் சென்றியில் இருந்தவர்களுக்குச் சமைத்த சமையற்காரன் ஒருவன். செத்த பிறகும் போகாமல் மண்மூட்டைக்குப் பின்னால் இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறான். கிட்டப் போகிறவர்களுக்கு முன்னால் அகப்பையை நீட்டுவான். "உப்புக் காணுமோ, போதுமோ எண்டு பார்" என்பான். காணும் என்றால், அப்படியென்றால் சாப்பிடு என்பான். அந்தச் சட்டி முடியவே முடியாது. காணாது என்றால், போய் உப்புக் கொண்டுவா என்று துறைமுகத்துக்கு அனுப்புவான். ஆயுள் முழுக்கக் கடல்தண்ணி காவிச் சுமக்க வேண்டும். எந்தப் பதில் சொன்னாலும் ஆள் முடிந்தது.

இந்தக் கதையை மில்லுக்கு வந்த பிள்ளைகளுக்கு அவர் சொன்னபோது நானும் நின்றேன். எனக்கே கைமயிர் சிலிர்த்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பிப் பக்கம் ஒரு குஞ்சுகுருமான் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுப்பாதையால் போனார்கள். என் கணவர்கூடப் பகிடியை நிறுத்திவிட்டு, "மனுசன் கெட்டிக்காரன்தான்" என்றார். மிதிவெடிக்குப் பயப்படாத பிள்ளைகள் உப்புக்குப் பயந்ததைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

சுபாதான் அதைக் கேட்டாள். மா வாங்கப் போனவள், சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மில் மாமா, அதுக்கு என்ன மருந்து?" என்றாள்.

இந்தப் பேய்க்கு மருந்து இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரியம் முடிந்தது. ஆனால் ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு மருந்து கேட்கிறபோது இல்லையென்று சொல்ல அவருக்கு வராது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "இரும்புதான் பிள்ளை. இரும்பு கையில இருந்தால் அது உனக்கு ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். அதோடு நிற்காமல் ஒரு ஆணியை எடுத்து அவளுடைய மாச்சட்டிக்குள் போட்டும் விட்டார்.

மாரிமழை பெய்து ஓய்ந்த கிழமை அது. ஹர்த்தால் என்று பள்ளிக்கூடம் நடக்கவில்லை. ஆனால் கரண்ட் இருந்தது. நான் மில்லில் நின்றேன். என்னுடைய அரிசி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. பால்கார அக்கா ஓடி வந்தாள். அவளுடைய வாய் அசைவதுதான் தெரிந்தது. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மில் அண்ணை அவளுக்குக் கிட்டக் காதைக் கொண்டு போனார்.

"பிள்ளையள் கம்பிக்குள்ள நிக்குதுகள்!"

மெஷினை ஓடவிட்டுவிட்டு அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

மூன்று பேர். எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும், என் மகளும். பெரியவன் கம்பியிலிருந்து கொஞ்சம் உள்ளே நின்றான். தம்பி அதற்கும் அப்பால். சுபா எல்லோருக்கும் முன்னால், மண்மூட்டைக்குப் பக்கத்தில். பெரியவன் கையில் பாக்குவெட்டி. சின்னவனிடம் ஒரு பூட்டுத் திறப்பு. சுபா இரண்டு கையையும் பொத்திப் பிடித்திருந்தாள். அவ்வளவு நாளும் மாவுக்குள் இருந்து சேர்த்த ஆணிகள்.

"பேயே! உப்புப் பாக்க வந்திருக்கிறம்!" என்று கூவினாள். பொடியன்கள் சிரித்தார்கள்.

நான் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. அந்நிய ஆண் ஒருவர் என்னைத் தொட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். வாய்க்குள் அரிசிமா.

"கூப்பிடாதேங்கோ தங்கச்சி. கூப்பிட்டால் பிள்ளையள் ஓடி வந்திடுவினம்."

பால்கார அக்கா சந்திச் சென்றிக்கு ஆமியைக் கூப்பிட ஓடினாள். அவர்கள் வந்து, கேட்டு, விளங்கி, ஆள் அனுப்புவதற்குள் பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்கப் போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் கையை எடுத்துவிட்டு, மில்லில் கதை சொல்லுகிற குரலில், அதே இழுப்போடு, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். "ஆரும் அசையப்படாது! அது சட்டி இறக்கிற நேரம். இப்ப காலை எடுத்தால் ஆளைக் கண்டிடும். இரும்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்ட இடத்தில நில்லுங்கோ. மாமா வந்து தூக்குறன்."

மூன்று பேரும் சிலைபோல நின்றார்கள்.

அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். மழையில் ஊறிய நிலத்தில் பிள்ளைகள் போன அடி தெரிந்தது. அந்த அடிக்குள் அவருடைய கால் கொள்ளாது. அதனால் குதியைத் தூக்கி, முன்காலை மட்டும் பிள்ளையின் அடிக்குள் வைத்து, அடுத்த காலைத் தூக்கினார். அந்தப் பெரிய உடம்பு இரண்டு நுனிக்காலில் ஆடிக்கொண்டு போனது. வேறு நாள் என்றால் நான் சிரித்திருப்பேன். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒளிக்கிற மனிதர் அவர். எனக்கு என் பிள்ளை மட்டும்தான் தெரிந்தது, அவரைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. அதுதான் உண்மை.

பெரியவனைத் தூக்கி, வந்த அடியிலேயே திரும்பி வந்து கம்பிக்கு வெளியே விட்டார். பிறகு சின்னவனைக் கொண்டு வந்தார். அவன் அவருடைய தோளில் இருந்து, "மாமா, சட்டி இறக்கிற சத்தம் கேட்டதே?" என்றான். "ஓமடா, கேட்டது" என்றார். அவருடைய முகத்தில் மாவும் வேர்வையும் சேர்ந்து களியாக வழிந்தது.

மூன்றாம் முறை போய்ப் பாதித் தூரத்தில் நிற்கும்போது சுபா அசைந்தாள்.

"நில் பிள்ளை. மாமா வாறன்."

"நான் வரமாட்டன். அது இன்னும் உப்பைக் கேக்கேல்லை." ஒரு காலைத் தூக்கினாள். மண்மூட்டைக்கு மேலே ஏறி எட்டிப் பார்க்கப் போகிறாள்.

"காலை எடாத! அது கண்டிடும்!"

"கண்டால் என்ன? என்னட்ட நிறைய ஆணி இருக்கு. நீங்கள்தானே தந்தனீங்கள்."

"இந்தப் பேய்க்கு ஆணி காணாது பிள்ளை."

"காணும் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

மில் அண்ணை நடுவளவில் குதியை நிலத்தில் வைக்க இடமில்லாமல் நின்றார். எத்தனையோ பேயைப் பெற்ற மனிதருக்கு அந்த இடத்தில் இன்னொரு பேய் வரவில்லை. பிறகு அவர் கதைத்தது கதை சொல்லுகிற குரலில் அல்ல. அன்றைக்குக் குசினி வாசலில் நான் கேட்ட குரல்.

"சுபா. பேய் இல்லை."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு பேயும் இல்லை. நான் சொன்னது எல்லாம் பொய். நான் இருந்து கட்டின கதை."

"அப்ப இந்த ஆணி?"

"அது சும்மா ஆணி."

"அப்ப ஏன் அசைய வேண்டாம் எண்டனீங்கள்?"

"நிலத்துக்குள்ள வெடி இருக்கு பிள்ளை. எந்த இடத்தில எண்டு எனக்கும் தெரியாது."

மிதிவெடியைப் பற்றி நான் அவளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் படம் பார்த்திருக்கிறாள். அதை வைத்து விளையாடியிருக்கிறாள். ஆனால் எதற்கும் ஒரு மருந்து வைத்திருக்கிற மில் மாமா எனக்கும் தெரியாது என்று சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று பார்த்தாள். எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு விரலையும் அசைக்கவில்லை. பார்வை நிலத்தில் இருந்தது.

அவர் அவளிடம் போய்ச் சேர்ந்தார். தூக்கினார். திரும்பினார். ஒவ்வொரு அடியாக வந்தார். கம்பிக்கு மேலால் அவளை என் கையில் தந்துவிட்டு, தானும் வெளியே வந்து, சேற்றுக்குள் அப்படியே குந்திவிட்டார். மில்லில் என் அரிசி முடிந்து மெஷின் வெறும் வயிற்றோடு இரைந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதை நிறுத்தப் போகவில்லை.

சுபா என் கையில் மரக்கட்டைபோல இருந்தாள். உடம்பு முழுக்க மா. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பேய் இல்லையாம்" என்றாள்.

"ஓம் பிள்ளை. இல்லை."

நானும் அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.